வளையம் இருந்த இடம்

ஜூன் 22, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைவு. மலேரியா 2. சொறி 11. கத்திக்காயம் 1. பல்வலி 1 (பிடுங்கவில்லை, குறட்டைப் பார்த்ததும் ஓடிவிட்டான்).

டுரியான் துங்காலுக்கு அப்பால் ரோட்டில் ஏதோ சோதனையாம், பஸ் வரவில்லை. கிளேபாங் போக முடியவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அங்கே போய் மாணிக்கம் அண்ணனோடு உட்கார்ந்து பழங்காசு பார்ப்பது பதினாறு வருடப் பழக்கம். அவர் டவுனில் தபாலாபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர். எங்கள் இருவருக்கும் வேறு கெட்ட பழக்கம் கிடையாது என்று என் வீட்டுக்காரி கனகம் ஊரெல்லாம் சொல்வாள். இது ஒன்றே போதும் என்றும் சொல்வாள்.

துண்டு தேடி அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவள் போன இந்த ஏழு மாதமாகத் திறக்கவில்லை. அடியில் மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே அவளுடைய வெள்ளிக் காசு. எட்வர்ட் ராஜா தலை போட்ட பெரிய டாலர், 1904. கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. உச்சியில் பத்தர் பற்றவைத்த வளையம், அதில் கறுப்புக் கயிறு. வெள்ளிக்கிழமை தவறாமல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். ராஜாவுக்கு முகச்சவரம் செய்கிறாயா என்று கேலி செய்வேன்.

கயிற்றில் இன்னும் அவள் எண்ணெய் வாசம். அழுதேன். பத்து நிமிடம் இருக்கும். அதற்குள் பல்வலிக்காரன் திரும்பி வந்துவிட்டான்.

ஜூன் 23, திங்கள்

நேற்றுப் பார்த்ததிலிருந்து அந்தப் பேச்சு மண்டைக்குள் ஓடுகிறது.

கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய் எமர்ஜென்சி வருவதற்கு முந்தின தீபாவளி. தோட்டத்துக்கு வேலியும் இல்லை, கேட்டில் ஆளும் இல்லை. அண்ணனும் அவர் மனைவி சரசு அக்காவும் விருந்துக்கு வந்திருந்தார்கள். கனகம் கழுத்தில் காசைப் பார்த்து அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் காசு அடுக்கும் பலகையில் 1904க்கு மட்டும் குழி காலி. கனகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. கழற்றியே கொடுத்தாள். அண்ணன் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது காசு இல்ல தங்கச்சி, நகை. வளையம் வச்சி, புளி போட்டு தேச்சி... செத்துப்போச்சு. சேக்குறவன் எவனும் தொடமாட்டான்."

மனதில் எதையும் வைத்துச் சொல்லவில்லை. அவர் சுபாவம் அப்படி, காசைப் பற்றிப் பேசினால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மறந்துவிடும். கனகம் சிரித்தாள். உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். காபி வரும்போது காசு ரவிக்கைக்குள் போயிருந்தது. அதற்குப் பிறகு அண்ணன் வரும் நாளில் அவள் அதைப் போட்டதில்லை.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் அண்ணன் கட்சி. தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 25, புதன்

மலேரியா 4. சொறி 13. துரை வீட்டு நாய்க்கும் மருந்து கேட்டு ஆள் வந்தது.

மத்தியானம் ஆஸ்பத்திரியைச் சாத்திக்கொண்டு வளையத்தை எடுத்தேன். ஸ்பிரிட் விளக்கு, இடுக்கி, சின்ன அரம். பற்று இளகியதும் வளையம் தானாக விழுந்தது. மேசை முழுக்க உருண்டு மருந்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது. மண்டியிட்டுத் தேடி எடுத்து மாத்திரை டப்பியில் போட்டு, கைப்பழக்கம், மேலே சீட்டும் ஒட்டினேன்: 'வளையம்'.

காசின் விளிம்பில் இரண்டு தழும்பு, அரிசி முனை அளவு. அராவி, வழவழப்பாக்கினேன். இருந்தாலும் தெரிகிறது. தேய்த்துத் தேய்த்து வெளுத்த உடம்பில் தெரியாமல் என்ன செய்யும்.

பழங்காசுபோல் கறுத்து நிறம் ஏறினால் மறையும்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால் என் மனம் எனக்கே தெரிய வேண்டும். விற்கப்போவதில்லை. அண்ணன் ஒரு தடவை இந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு 'ஆகா' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொன்ன மறு நிமிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். சிரிப்பார். கனகத்தின் காசுக்கும் ஒரு மரியாதை கிடைத்த மாதிரி ஆகும்.

ஜூன் 28, சனி

பரீட்சை. பழைய பத்து சென் வெள்ளிக் காசு நாலு. சொறிக்குப் பூசும் கந்தகக் களிம்பு, கந்தகப் பொடி இரண்டும்.

1. களிம்பு மட்டும், ஒரு நாள்: எருமைச்சாணி நிறம்.
2. களிம்பு பூசி வெயிலில்: திட்டுத்திட்டாக. தேமல் மாதிரி.
3. பொடி, மூடிய தகர டப்பி, ஊசி கொதிக்கும் பெட்டியின் மூடி மேல் இளஞ்சூடு: முதலில் வைக்கோல், பிறகு செம்பு, பிறகு கத்தரிப்பூ, கடைசியில் ஓரத்தில் நீலம்.
4. அதே, மறந்துவிட்டேன்: கரி.

மூன்றாவதுதான்.

ஆஸ்பத்திரி ஆயா அஞ்சலை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "என்னாங்க டிரெசரே, அழுகுன முட்டை வேகுதா?" பூச்சிக்கு மருந்து என்றேன். ஒரு பொய்தான், சின்னது.

ஜூலை 2, புதன்

ஆயிற்று. இரண்டு நாள், நாலு தடவை. அவசரப்படாமல், நடுவில் நடுவில் எடுத்துப் பார்த்து, தழும்பு இருந்த உச்சிப் பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக இருட்ட வைத்து.

ராஜாவின் கன்னம் பழைய பித்தளை. கழுத்துப் பக்கம் கத்தரிப்பூ. விளிம்பைச் சுற்றி மயில்கழுத்து. தழும்பு இல்லை. புளியின் கீறல் இல்லை. கனகமும் இல்லை.

அழகாக இருக்கிறது. இத்தனை நாளுக்குப் பிறகு ஒரு காரியம் கையில் சுத்தமாக வந்த சந்தோஷம். சாயங்காலம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

வெயில். பஸ் உண்டு.

கேட்டில் சோதனை. அரிசி, மருந்து இரண்டும் வெளியே போகக்கூடாது, காட்டுக்காரர்கள் கைக்குப் போய்விடுமாம். டிரெசர் பையென்றால் தனிக் கவனிப்பு. காவலன் பஞ்சை விலக்கிக் காசை எடுத்தான். "டுயிட் லாமா" என்றேன், பழைய காசு. சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்து, தன் சிநேகிதனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் தலையாட்டினார்கள். முதல் 'ஆகா' போலீஸ் மாத்தாமாத்தாவிடம் கிடைத்தது.

கிளேபாங்கில் கடல் வற்றிக் கிடந்தது. அண்ணன் வாசலிலேயே, "வா தம்பி, என்னாலா எளைச்சிட்ட" என்றார். டப்பியை நீட்டினேன். பூதக்கண்ணாடியை எடுத்தார். சன்னலுக்குத் திரும்பி, சாய்த்து, மறுபடி சாய்த்து.

"சரசு, இங்க வா. இந்த நெறத்த வந்து பாரு."

அக்கா கை மாவோடு வந்து எட்டிப் பார்த்தார். "கறுத்துல்ல கெடக்கு."

"கறுப்பா? மயில்கழுத்துலா இது. ஒரு துணிக்குள்ள அம்பது வருசம் தூங்கினாத்தான் வரும். ஒருத்தன் தேய்க்கல, ஒருத்தன் தொடல." பிறகு என்னிடம், "நல்லா பொழங்கின காசு தம்பி. ஆனா யோக்கியமான காசு. எங்க கெடச்சிச்சி?"

இதுதான் நேரம். வாயைத் திறந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பச்சைத் துணி ஒட்டி, வருடம் எழுதி, சீனத் தச்சன் குடைந்து கொடுத்த குழிகள். 1904 குழியில் காசு சொத்தென்று உட்கார்ந்தது.

"ஊருக்குத் திரும்புற ஒரு பெரியவரு கொடுத்துட்டுப் போனாரு" என்றேன்.

சும்மா வாங்கிக்கொள்ளமாட்டேன் என்று பிடிவாதம். டச்சுக்காரன் காலத்துச் செப்புக்காசு ஒன்றைக் கையில் திணித்தார். இந்தக் கடற்கரையில் தண்ணீர் வற்றியபோது அவர் காலிலேயே தட்டியது, அவர் உயிர். பச்சைப்பாசி நிறம், அப்படியே பிறந்ததுபோல.

கிளம்பும்போது அக்கா, "கனகம் இருந்தா இதப் பாத்து சிரிச்சிருப்பா. பாழாப்போன ரோடு மட்டும் அன்னைக்கு தெறந்திருந்தா..." என்று முந்தானையைக் கண்ணில் வைத்தார்.

நான் தலையாட்டினேன். எப்போதும் ஆட்டுவதுபோல.

ஜூலை 9, புதன்

மலேரியா 3. சொறி 14. வயிற்றுவலி 1.

வயிற்றுவலி, தொழிலாளர் வீட்டு வரிசையில் ஏழாம் லயத்துப் பெண், இருபத்திரண்டு வயது. வலப்பக்கம் அடியில் அழுத்தி விரலை எடுத்ததும் துள்ளினாள். ஒன்றும் கொடுக்கவில்லை, தண்ணீர்கூட. உடனே துரையிடம் ஓடி, வேன் கேட்டு, டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். துரை முணுமுணுத்தார். இப்போதெல்லாம் வயிறு என்றாலே டிரெசர் பயப்படுகிறாராம்.

ஆமாம்.

இதை எங்கேயும் எழுதியதில்லை. இங்கேயும் எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு.

போன நவம்பரில் ஒரு நாள் சாயங்காலம் கனகம் வயிறு வலிக்கிறது என்றாள். நான் காசுகளுக்கு உறை வெட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மலச்சிக்கலாக இருக்கும் என்று விளக்கெண்ணெய் ஓர் அவுன்ஸ் ஊற்றினேன். தெரியாத வயிற்றுவலிக்குப் பேதி கொடுக்காதே என்பது எங்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம். அவள் வேண்டாம் என்றாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி என்றேன். குடித்தாள். குடித்துவிட்டு, "டாக்டரு சொன்னா சரிதான்" என்று கேலி செய்தாள்.

விடிந்தபோது வயிறு பலகையாக இருந்தது. உள்ளே குடல்வால் வெடித்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரியும். அன்று பார்த்து காட்டுக்காரர்கள் ரோட்டில் லாரியை எரித்துவிட்டார்கள். பகல் நாலு மணிவரை ஒரு வண்டியும் விடவில்லை. மூன்று மணிக்குப் போய்விட்டாள்.

ரோடுதான் கொன்றது என்று தோட்டமே சொல்லிற்று. துரை சொன்னார். அக்கா சொன்னார். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் நானே எழுதினேன்: வயிற்று நோவு, ரோடு மூடல், மரணம்.

ரோடு திறந்திருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வசதி.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. லயத்தில் கூழ் தாராளமாக ஊற்ற முடியாது, அரிசி மாவெல்லாம் கணக்காகத்தான் கிடைக்கிறது. ஆளுக்கு அரை டம்ளர்.

கந்தகம் தீர்ந்துவிட்டது. டவுனிலிருந்து மருந்து வர இரண்டு மூன்று வாரம் ஆகும். பிள்ளைகள் சொறிந்துகொண்டு வரிசையில் நின்றன. வேப்பிலை அரைத்துப் பூசி அனுப்பினேன்.

அஞ்சலை வெறும் ஜாடியைக் கவிழ்த்துக் காட்டினாள். "எப்பவும் ஆகஸ்டு கடைசி வரைக்கும் வருமே. பூச்சிக்கே எல்லாத்தையும் போட்டுட்டீங்க போல." அவளுக்கு எல்லாம் தெரியும் என்று தோன்றுகிறது.

ஜூலை 20, ஞாயிறு

கிளேபாங். இன்று சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் நாலு தடவை ஒத்திகை பார்த்தேன்.

அண்ணனோ ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தார். டவுனில் பழைய சாமான் விற்கும் ஒருவன் ஐந்து வெள்ளிக் காசைக் காட்டினானாம். ஐந்தும் ஒரே நிறம். மோந்து பார்த்தாராம், கந்தகம்.

"நெறம் ஏறணும் தம்பி. ஏத்தக்கூடாது. இது பொணத்துக்குப் பவுடர் போடுற வேல."

நான் மெல்லக் கேட்டேன். "காத்துல இருக்கிறதும் கந்தகந்தாண்ணே. அது அம்பது வருசத்துல செய்யிறத இவன் ரெண்டு நாள்ல செஞ்சான். காசுக்கு என்னா வித்தியாசம்?"

"காசுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. காத்து யாரையும் ஏமாத்தணும்னு நெனைச்சி செய்யல."

"அழகா இருக்கணும்னு செஞ்சிருந்தா?"

"சொல்லிட்டு செய்யட்டும். 'நான் ஏத்தினது, அழகா இருக்கா பாருங்க'ன்னு சொல்லட்டும். நானே பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லுவேன். சொல்லாம கொடுத்தான்னா, அதுக்குக் கீழ எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு, மனதை ஆற்றிக்கொள்ள என்று, பலகையை எடுத்து 1904ஐப் பார்த்தார். தினமும் ஒரு தடவை பார்க்கிறாராம். கண்ணுக்குக் குளிர்ச்சியாம்.

நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து டச்சுக் காசை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பச்சை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முகத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

கடிதம் எழுதிக் கிழித்தது: மூன்று.

முதலாவதில் விளையாட்டுக்குச் செய்தேன் என்று எழுதியிருந்தேன், பொய். இரண்டாவதில் நீங்கள் கனகத்தை அன்று அப்படிச் சொன்னீர்களே என்று எழுதியிருந்தேன், அது பழி வாங்குகிற மாதிரி இருந்தது. மூன்றாவது சரியாக வந்தது. தபாலாபீசில் அவர் கையாலேயே முத்திரை குத்துவாரே என்று நினைத்ததும் அதையும் கிழித்தேன்.

காசு வேண்டும். திரும்ப வேண்டும். அவள் தேய்த்த வெள்ளையை நானே மூடிவிட்டுத் தேடுகிறேன். வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டில் புளி வாசம் வருவது நின்று எட்டு மாதம்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

எழுத வேண்டும். மனம் வரவில்லை. இருந்தாலும்.

தூறல். பஸ் நேரத்துக்கு வந்தது. அண்ணன் கூடத்தில் நாற்காலியில். எழுந்திருக்கவில்லை.

"வாங்க" என்றார்.

பதினாறு வருடமாக 'வா தம்பி'. அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சாமி மாடத்தில் கலசம், பித்தளைத் தட்டு. தட்டில் என் கனகத்தின் காசு. பளீரென்று வெள்ளை, மேலே குங்குமம். அக்காதான் பேசினார். வெள்ளிக்கிழமை கலசத்தின் முன் வைக்க வெள்ளிக் காசு தேடினாராம். பலகையில் எல்லாம் நல்லதாக இருந்ததாம், இது ஒன்றுதான் கறுத்துக் கிடந்ததாம். தேய்த்து வைத்தால் அவருக்கும் நல்லதுதானே என்று நினைத்தாராம். புளி, சாம்பல்.

"தேச்சதும் கைக்கு தட்டுப்பட்டிச்சி. இங்க பாருங்க, ரெண்டு பக்கமும். வளையம் இருந்த எடம். பொம்பளைக்குத் தெரியாதா." அக்கா காசைத் தட்டில் திருப்பி வைத்தார். "அப்புறம் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கல. இந்தக் காச கழுத்துல போட்டிருந்தது எங்களுக்குத் தெரிஞ்சி ஒருத்திதானே."

அண்ணன் சன்னல் பக்கம் பார்த்தபடி, "நாலு வாரம் கண்ணாடி வச்சி பாத்தேன்" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அன்னைக்கி தீபாவளிக்கி நான் தங்கச்சிகிட்ட சொன்னது தப்பு. அது எனக்குத் தெரியவே தெரியாது. அவ சிரிச்சா, நான் விட்டுட்டேன். இதுதான் மனசுல இருந்துச்சின்னா, நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. வளையத்தோட வாங்கி நடுவுல வச்சிருப்பேன்."

ஸ்டூல் மேல் ஒரு தாள். அதில் பதினொரு காசு வரிசையாக. இத்தனை வருடத்தில் நான் அவருக்குக் கொடுத்தவை எல்லாம். பலகையில் பன்னிரண்டு குழி காலி.

"இதுல எது எது?"

"எதுவும் இல்லண்ணே. அந்த ஒன்னுதான். சத்தியமா."

"நம்பணும்னுதான் இருக்கு." தாளின் ஓரத்தை நேராக்கிக்கொண்டு, "வேற எதுக்கெல்லாம் நெறம் ஏத்தி வச்சிருக்கீங்க? எனக்குத் தெரியணும்."

அவர் கேட்டது காசை. எனக்குத் தெரியும், காசைத்தான் கேட்டார். ஆனால் வாயில் வந்தது விளக்கெண்ணெய். சாயங்காலம், காசு உறை, தொட்டுப் பார்க்காதது, மூக்கைப் பிடிக்கச் சொன்னது, எல்லாம். நின்றுகொண்டே சொன்னேன்.

அக்காதான் முதலில். "ரோடு ரோடுன்னு எத்தன பேருகிட்ட சொல்லி அழுதிருக்கேன்" என்றார். "நீங்க பக்கத்துலயே நின்னுகிட்டு இருந்தீங்க."

மாடத்துக்குப் போனார். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தார். துடைக்க வெகு நேரம் ஆயிற்று. காசை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை அவரே மடக்கிவிட்டார். "கொண்டு போங்க. அவ காசு."

டச்சுக் காசை எடுத்து ஸ்டூலில் வைத்தேன். அண்ணன் திருப்பித் தள்ளினார். "அது நல்ல காசு. நீங்க வச்சிக்கிங்க."

காபி குடிக்கச் சொல்லவில்லை. பதினாறு வருடத்தில் முதல் தடவை. பஸ் நிறுத்தத்தில் நின்றபோது சட்டை நனைந்துவிட்டது. அண்ணன் குடையோடு வருவார் என்று, மடையன், இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

ஆகஸ்டு 4, திங்கள்

மலேரியா 5. சொறி 17. வேப்பிலை.

ஒன்றும் சாப்பிடவில்லை.

ஆகஸ்டு 8, வெள்ளி

வெயில். காலையிலேயே வேன் வந்தது. கொய்னா, டிங்சர், பஞ்சு, கந்தகம் இரண்டு ஜாடி.

ஏழாம் லயத்துப் பெண் டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டாள். வயிற்றில் தையல். கும்பிட வந்தாள். "நீங்க அனுப்பலன்னா செத்திருப்பேனாம், பெரிய டாக்டரு சொன்னாரு." உட்காரச் சொன்னேன். அவள் போன பிறகு மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அஞ்சலை பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் அவளிடம் ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளி வாங்கினேன். அடுப்புச் சாம்பல். காசு வெள்ளையாகத்தான் இருந்தது, அக்கா தேய்த்ததே போதும். இருந்தாலும் இன்று வெள்ளிக்கிழமை. எனக்குத் தேய்க்கத் தெரியவில்லை. புளி முகத்தில் தெறித்தது. அவள் எப்படி ஒரு சொட்டு சிந்தாமல் செய்தாள் என்று இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் நான் பார்த்ததில்லை. விரலுக்குத் தழும்பு இரண்டும் தட்டுப்பட்டன. வளையத்தை மறுபடி பற்றவைக்க மாட்டேன். அந்த டப்பியிலேயே இருக்கட்டும்.

கை கழுவிவிட்டு ஆஸ்பத்திரிப் புத்தகத்தை எடுத்தேன். போன நவம்பர்ப் பக்கம். என் கையெழுத்து, திருத்தமாக: வயிற்று நோவு, ரோடு மூடல், மரணம். அடிக்கவில்லை. கீழே சேர்த்தேன்.

'முந்தின நாள் மாலை விளக்கெண்ணெய், ஓர் அவுன்ஸ். நோயாளி வேண்டாம் என்றாள். கொடுத்தவன் நான்.'

கையெழுத்துப் போட்டேன். இன்றைய தேதியும் போட்டேன். திங்கட்கிழமை புத்தகம் துரை பார்வைக்குப் போகும்.

பிள்ளைகள் வந்துவிட்டன. சொறி 19. எல்லாருக்கும் கந்தகம் பூசினேன்.